கண்ணீருக்கு ஒரு பொருளடைவு

புத்தகங்களில் பொருளடைவு பார்த்திருப்போம். ஆள் பெயர், ஊர்ப் பெயர், கலைச்சொல் எல்லாம் பக்க எண்ணோடு வரிசையாக இருக்கும். கண்ணீருக்குப் பொருளடைவு போட்ட புத்தகம் என்று நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். 1886-ல் லண்டனில் காசல் நிறுவனம் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்த பழைய நாவல் அது. பதிப்பாசிரியர் ஹென்றி மார்லி, ஆங்கில இலக்கியப் பேராசிரியர். நாவலில் யார் யார் எந்தெந்தப் பக்கத்தில் அழுகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறார். கண் கலங்கியதற்கு ஒரு பதிவு. ஒரே ஒரு சொட்டு, அதற்கு மேல் இல்லை என்று ஒரு பதிவு. முகம் முழுக்க நனைந்ததற்கு இன்னொன்று. கூடவே ஒரு குறிப்பு: தொண்டை அடைத்தது முதலியவை கணக்கில் சேர்க்கப்படவில்லை.

நாவலின் பெயர் ‘தி மேன் ஆஃப் ஃபீலிங்’. நெஞ்சு இளகிய மனிதன் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் ஹென்றி மெக்கன்சி, எடின்பரோ நகரத்து வக்கீல். 1771-ல், தன் 25-வது வயதில், பெயர் போடாமல் வெளியிட்டார். முதல் பதிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. 1783 ஜனவரியில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், அப்போது 24 வயதுகூட நிறையவில்லை, தன் பழைய ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் பைபிளுக்கு அடுத்தபடியாகத் தான் போற்றும் புத்தகம் இது என்கிறார். ஏர் பிடித்து உழுத கை எழுதிய வரி அது. ஒரு ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்தில் அந்த ஒப்பீட்டைச் சும்மா சொல்லிவிட மாட்டார்கள்.

பைபிளுக்கு அடுத்தபடி என்ற இடத்திலிருந்து, சொட்டு எண்ணிப் பட்டியல் போடும் இடத்துக்கு வர 100 ஆண்டு ஆகியிருக்கிறது. அந்த 100 ஆண்டையும் சேர்த்துத்தான் நான் இந்த நாவலைப் படித்தேன். வெறும் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு கடிதம் இருக்கிறது. லூயிசா ஸ்டூவர்ட் சீமாட்டி 1826-ல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டுக்கு எழுதியது. பிரிட்டனின் பிரதமராக இருந்த பியூட் பிரபுவின் மகள் அவர். கடிதம் எழுதும்போது வயது 69. தங்கியிருந்த வீட்டில் ஒருநாள் மாலை எல்லோரும் கூடி உட்கார, இந்த நாவலை ஒருவர் உரக்க வாசித்தாராம். யாரும் அழவில்லை. தான் ஒரு காலத்தில் அவ்வளவு அருமை என்று நினைத்திருந்த இடங்களில் அவர்கள் சிரித்தார்கள் என்று எழுதுகிறார். அதைச் சொல்லும்போது ‘ஐயோ’ என்று ஒரு சொல் வந்து விழுகிறது. பிறகு புத்தகம் புதிதாக வந்த நாளை நினைத்துப் பார்க்கிறார். அம்மாவும் அக்காமாரும் அதைப் படித்து அழுததும் அதையே பேசிப் பேசி மகிழ்ந்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தனக்கு அப்போது 14 வயது. தன் முறை வந்தபோது மனதுக்குள் ஒரு பயம் இருந்ததாம்: போதுமான அளவு அழாமல் போய்விடுவேனோ, எனக்கு மென்மையான மனசு இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று.

அந்த வரியைப் படித்ததும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு 11 வயதில் தாத்தா இறந்தார். வாசலில் பந்தல் போட்டாயிற்று, சங்கு ஊதுகிறார்கள், உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுகிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. தினமும் சைக்கிள் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன மனுஷன். இருந்தும் வரவில்லை. “இவன் அழவே இல்லையே, தாத்தா தாத்தான்னு கெடந்த பிள்ளை” என்று ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோளை மட்டும் குலுக்கினேன். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். தெருமுனையில் செருப்புத் தைக்கிறவர் வந்து, தாத்தா வார் தைக்கக் கொடுத்திருந்த செருப்பைத் திண்ணையில் வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிப் போனார். அன்றைக்குத்தான் அழுதேன். கிணற்றடிக்குப் போய், யாரும் பார்க்காமல்.

லண்டனில் ஒரு சீமாட்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அழுகையைப் பக்கத்திலிருந்து யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது ஒன்றுதான். அது போதுமாயிருந்தது, புத்தகத்தை முதலிலிருந்து படிக்க.

நாவல் தொடங்கும் விதமே விசித்திரம். வேட்டைக்குப் போன இடத்தில் ஒருவர், பாதிரியார் ஒருவர் துப்பாக்கிக்குள் காகிதத்தைத் திணித்துக் கெட்டிக்கப் பயன்படுத்துவதைப் பார்க்கிறார். அது ஒரு கையெழுத்துப் பிரதி. அந்த ஊரில் வாழ்ந்து எங்கோ போய்விட்ட ஒருவர் விட்டுச்சென்றது. வேட்டைக்காரர் தன்னிடம் அதே வேலைக்கு வைத்திருந்த ஜெர்மன் தர்க்க நூலைக் கொடுத்து, இதை வாங்கிக்கொள்கிறார். பல பக்கங்கள் ஏற்கெனவே வெடித்துப் போய்விட்டன. அதனால் கதை 11-வது அத்தியாயத்தில் தொடங்குகிறது. நடுநடுவே அத்தியாயங்களைக் காணோம். ஒரு மனிதனின் வாழ்க்கையில் எஞ்சியது இவ்வளவுதான் என்று கிழிசலாகவே நம் கையில் தருகிறார் மெக்கன்சி. இந்த உத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. துயரமான கதைகளை நாம் வாழ்க்கையில் கேட்பதும் இப்படித்தானே. பாதியில் தொடங்கும், பாதியில் நிற்கும்.

நாயகன் ஹார்லி. தாய் தந்தை இல்லாத, சொத்து அதிகம் இல்லாத, கூச்ச சுபாவமுள்ள இளைஞன். பக்கத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கச் சிபாரிசு தேடி லண்டனுக்குப் போகிறான். காரியம் நடக்கவில்லை, திரும்பி வருகிறான். கதை என்று பார்த்தால் இவ்வளவே. வழியில் அவன் சந்திக்கும் மனிதர்கள்தான் நாவல்.

முதலில் ஒரு பிச்சைக்காரன், ஒரு நாயோடு. உண்மையைச் சொல்லிப் பிச்சை கேட்டால் யாரும் போடுவதில்லை, அதனால் குறி சொல்லப் பழகிக்கொண்டேன் என்கிறான். எதை நம்ப ஆசைப்படுகிறார்களோ அதையே சொல்வேன், அவர்கள் நம்புவார்கள் என்கிறான். ஹார்லி பையிலிருந்து ஒரு ஷில்லிங்கை எடுத்துவிட்டான். பொய் சொல்லிப் பிழைப்பவனுக்குக் கொடுக்கலாமா என்று அறம் அவன் கையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது அறத்தின் தங்கை ஒருத்தி, அக்கா அளவுக்குக் கண்டிப்பு இல்லாதவள், அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். விரல்கள் தளர்கின்றன. காசு விழுகிறது. அது தரையைத் தொட்டதும் நாய் கவ்விக்கொண்டு போய் எஜமானன் கையில் கொடுத்துவிடுகிறது. கொடுத்தான் என்று எழுதவில்லை, விரல் தளர்ந்தது என்றுதான் எழுதுகிறார். கொடுப்பதற்கும் கொடுக்காததற்கும் நடுவே உள்ள அந்த ஒரு நொடியை இதைவிட நுட்பமாக எழுதி நான் படித்ததில்லை.

அப்புறம் பெட்லம் மனநோய் விடுதி. அந்தக் காலத்தில் லண்டன்வாசிகள் வேடிக்கை பார்க்கப் போன இடம் அது. ஹார்லிக்கு வர மனமில்லை, நண்பர்கள் கூட்டிப்போகிறார்கள். காதலன் மேற்கிந்தியத் தீவுக்குச் சம்பாதிக்கப் போய்க் காய்ச்சலில் இறந்துவிட, வீட்டில் ஒரு பணக்காரக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்ததில் மனம் பேதலித்த பெண் ஒருத்தி. தன் துணியிலிருந்து பிரித்த பொன்னிழையில் பின்னிய மோதிரத்தை ஹார்லியிடம் கொடுத்து, எனக்காக வைத்துக்கொள்வாயா என்று கேட்கிறாள். அவன் காவலாளி கையில் இரண்டு கினிப் பொற்காசை வைத்து, “அந்தப் பாவப்பட்ட பெண்ணிடம் அன்பாயிருங்கள்” என்கிறான். அழுதுகொண்டே வெளியேறுகிறான். அப்புறம் ஏமாற்றப்பட்டு விபசாரத்தில் தள்ளப்பட்ட அட்கின்ஸ் என்ற பெண். அப்புறம், ஊர் திரும்பும் வழியில் சாலையோரம் படுத்துறங்கும் கிழட்டுச் சிப்பாய் எட்வர்ட்ஸ்.

படித்துக்கொண்டே வரும்போது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வரி நினைவுக்கு வந்தது: “இளிவே இழவே அசைவே வறுமையென / விளிவில் கொள்கை அழுகை நான்கே.” பிறர் இகழ எளியவராவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டு அலைவது, இல்லாமை. அழுகை பிறக்கும் இடம் இந்த நான்கு. அட்கின்ஸ் இளிவு. பெட்லம் பெண் இழவு. எட்வர்ட்ஸ் அசைவு. நாயோடு நிற்கிறவன் வறுமை. மெக்கன்சிக்குத் தொல்காப்பியரைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் நான்கையும் தேடித் தேடி ஹார்லியை அழைத்துப் போயிருக்கிறார். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவன் சும்மா அழுதுகொண்டே திரியும் ஆள் இல்லை. அழவேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன்.

இதற்குப் பின்னால் அன்றைய எடின்பரோவின் சிந்தனையும் இருக்கிறது. ஒரே சுருதியில் முறுக்கிய தந்திகளில் ஒன்று அதிர்ந்தால் மற்றதும் அதிர்வதுபோல ஒருவர் உணர்ச்சி இன்னொருவருக்குப் பரவுகிறது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியிருந்தார். 1759-ல் ஆடம் ஸ்மித் தன் அறவுணர்ச்சி நூலில், பிறர் துன்பத்தில் நம்மை வைத்துப் பார்க்கும் திறனிலிருந்தே நல்லது கெட்டது பற்றிய பேச்சைத் தொடங்கினார். இருவரையும் மெக்கன்சிக்கு நேரில் தெரியும். ஆக, கண் கலங்குவது அன்றைக்குப் பலவீனம் இல்லை. ஒருவரிடம் அறம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அடையாளம் என்று ஆகிவிட்டால் அதைக் காட்டவேண்டி வரும், காட்டினால் எண்ணுவார்கள். 14 வயது லூயிசாவின் பயம் அதிலிருந்து வந்ததுதான்.

1826-ல் சிரித்தவர்கள் அந்தப் பயத்திலிருந்து விடுபட்டவர்கள் என்று சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகைக்கும் தொல்காப்பியர் நான்கு இடம் சொல்கிறார், முதலாவது எள்ளல். முன்பு எல்லோரும் சேர்ந்து அழவேண்டியிருந்தது, இப்போது எல்லோரும் சேர்ந்து எள்ளவேண்டியிருக்கிறது. மார்லியின் பட்டியலும் அப்படித்தான். சொட்டுகளை எண்ணினால் புத்தகத்தைப் பார்த்தாகிவிட்டது என்று ஆகிவிடுகிறது. எண்ணாமல் விட்டது தொண்டை அடைத்ததை மட்டுமில்லை. எட்வர்ட்ஸின் கதைக்கு அடுத்து வரும் சில பக்கங்கள் இருக்கின்றன. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எட்வர்ட்ஸ் குத்தகை நிலத்தை இழந்தவர். மகனின் பிறந்தநாளன்று வீட்டில் கண்ணைக் கட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள் நுழைந்து மகனைப் பிடிக்கிறார்கள். அவனுக்கு மனைவி, குழந்தைகள். கையிலிருந்த காசைக் கொடுத்து, அவனை விட்டுவிட்டு என்னைக் கொண்டுபோங்கள் என்று கிழவர் கிளம்பிவிடுகிறார். கப்பல் அவரைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தியாவில். அங்கே ஒரு கிழட்டு இந்தியரைப் புதையல் வைத்திருப்பதாகச் சந்தேகித்துப் பிடித்து வைத்து வதைக்கிறார்கள். இரவுக் காவல் எட்வர்ட்ஸுக்கு. கட்டை அவிழ்த்து அவரை விட்டுவிடுகிறார். ராணுவ நீதிமன்றம், சவுக்கடி, பட்டாளத்திலிருந்து விரட்டல். ரணமான முதுகோடு போக்கிடம் தெரியாமல் தடுமாறும்போது எதிரே வருகிறார் அதே இந்தியர். கட்டிப் பிடித்துக்கொள்கிறார். தன் வீட்டில் வைத்துக் காயத்தை ஆற்றி, 200 பொற்காசு கொடுத்து வழியனுப்புகிறார். நீ ஆங்கிலேயன், ஆனால் மகா ஆவி உனக்கு இந்திய நெஞ்சைக் கொடுத்திருக்கிறது என்கிறார்.

மகா ஆவி என்பது வட அமெரிக்கப் பழங்குடிகளின் கடவுளுக்கு ஐரோப்பியர் வைத்த பெயர். மெக்கன்சி இந்தியாவைப் பார்த்தவரில்லை, அந்த இந்தியருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. இது குறைதான். குறை என்று சொல்லிவிட்டு, அடுத்து ஹார்லி பேசுவதைக் கேளுங்கள்.

“இங்கிலாந்துக்கு அங்கே பரந்த நிலம் இருக்கிறது என்கிறீர்கள். அதை நினைத்தாலே, எந்த உரிமையில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு வருகிறது.” வியாபாரிகளாகப் போனார்கள், கொண்டுபோன சரக்கைக் கொடுத்து அவர்களிடம் மிஞ்சியதை வாங்கினார்கள், லாபம் எவ்வளவு வந்தாலும் அது நியாயம் என்கிறான். ஆனால் இந்தியாவில் சாம்ராஜ்யம் அமைக்க இன்னொரு நாட்டுக் குடிகளுக்கு என்ன பாத்தியதை? அவர்களுடைய ராஜாக்களின் கொடுமையைவிட நம் ஆட்சியில் சுகமாக இருக்கிறார்கள் என்கிறீர்களே, எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது. நவாபுகளின் கஜானாவைக் காலி செய்துவிட்டார்கள், அந்த நவாபுகள் குடிகளைக் கசக்கித்தானே அதை நிரப்பவேண்டும்? கௌரவமான வறுமையோடு இந்தியாவிலிருந்து திரும்பும் ஒரு தளபதியை நான் என்றைக்குப் பார்ப்பேன்?

இது 1771. பிளாசிப் போர் முடிந்து 14 ஆண்டு. வங்காளத்தில் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்து 6 ஆண்டு. வங்கப் பெரும்பஞ்சம் அப்போதுதான் கொன்று ஓய்ந்திருக்கிறது. கம்பெனி நடவடிக்கைகளை ஆராய நாடாளுமன்றம் குழு அமைத்ததே அடுத்த ஆண்டுதான். நவாபுகளின் கஜானா என்ற இடத்தில் எனக்கு ஆற்காடு நினைவுக்கு வந்தது. சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி வாழ்ந்த நவாப் முகமது அலி வாலாஜா, மதராஸில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கி, கிராமங்களின் வரிவருமானத்தை அவர்களுக்கே எழுதிக்கொடுத்தவர். ஹார்லி சொன்ன அதே கணக்கு, நம் வயல்களில். அந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் முழங்கியது 1785-ல். நாவல் ஆற்காட்டைச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு எப்படிப் போகிறது என்பது 14 ஆண்டுக்கு முன்பே ஓர் அழுமூஞ்சி நாவலின் நாயகனுக்குத் தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது? அவனுக்கு அரசியல் தெரியாது. குத்தகைக்குச் சிபாரிசு பிடிக்கவே தெரியாதவன். ஒரு கிழவரின் முதுகுத் தழும்பைப் பார்த்து அழுதான், அழுதுவிட்டு, இந்தத் தழும்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அவ்வளவுதான். நாவல் முழுக்க அழுது, காசு கொடுத்து நகர்ந்துகொண்டே இருந்தவன், இந்த ஓரிடத்தில் நகராமல் நின்று காரணம் கேட்கிறான். மார்லியின் பட்டியலில் கண்ணீருக்குப் பக்க எண் உண்டு, இந்தக் கேள்விக்குக் கிடையாது.

நியாயமான எதிர்ப்பும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1796-ல் தன் ‘வாட்ச்மேன்’ இதழில் எழுதினார்: சீமாட்டி நாவல் நாயகியின் துயரத்துக்கு அழுதுகொண்டே பருகும் பானத்தில் இனிப்பது மனித ரத்தம் என்று. அடிமைகள் விளைவித்த சர்க்கரையைச் சொல்கிறார். உணர்ச்சிவசப்படுவது வேறு, கருணை வேறு என்பது அவர் கட்சி. அவர் சுட்டியவை வேறு நாவல்கள். ஆனால் அடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மெக்கன்சியே இதை முன்னதாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1785-ல் தான் நடத்திய ‘லவுஞ்சர்’ இதழில், மதவெறியில் உள்ள அதே ஆபத்து உணர்ச்சிவெறியிலும் உண்டு, செய்யவேண்டிய கடமையின் இடத்தில் வெறும் உணர்வை வைத்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். அடுத்த ஆண்டு அதே இதழில்தான், பைபிளுக்கு அடுத்தபடி என்று எழுதிய அந்த உழவர் மகனின் கவிதைகளை எடின்பரோவுக்கு அறிமுகப்படுத்தி, வானமே கற்றுக்கொடுத்த உழவன் என்று பாராட்டினார்.

ஹார்லி கடைசியில் இறந்துபோகிறான். எட்வர்ட்ஸுக்குப் பணிவிடை செய்ததில் தொற்றிய காய்ச்சல். தான் காதலித்த வால்டன் பெண்ணிடம் அதைச் சொன்ன கணமே, அவள் கையைப் பற்றியபடி உயிர் போகிறது. 1826-ல் சிரித்திருந்தால் இங்கேதான் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் இங்கே அழுகை வரவில்லை. வராதது தப்பு என்றும் தோன்றவில்லை.

மெக்கன்சி நீண்ட காலம் வாழ்ந்தார். ஸ்காட்லாந்தின் வரித்துறைத் தணிக்கையாளராக இருந்து, 1831-ல், 85 வயதில் காலமானார். புத்தகத்தைப் படித்துவிட்டு அவரைப் பார்க்க வருகிறவர்கள் சோகமான ஹார்லி ஒருவரை எதிர்பார்த்து வருவார்கள், ஆனால் ஆள் கெட்டிக்காரர், உலக விவகாரம் தெரிந்தவர் என்று அவரை நேரில் பழகிய காக்பர்ன் பிரபு எழுதிவைத்திருக்கிறார். வேட்டையும் சேவல் சண்டையும் அவருக்குப் பிடிக்கும்.

பெயர் போடாமல் வந்த நாவல் என்று சொன்னேன் அல்லவா. அந்த நாட்களில் இன்னொருவர் அதற்கு உரிமை கொண்டாடினார். பாத் நகரில் இருந்த எக்கிள்ஸ் என்ற இளம் ஐரிஷ் பாதிரியார். நாவல் முழுவதையும் தன் கையால் நகல் எடுத்தார். அங்கங்கே மை சிந்தி, வரிகளுக்கு நடுவே சேர்த்து, அடித்துத் திருத்தி, மூலப்பிரதி போலவே ஆக்கிப் பலரிடமும் காட்டினார். நம்பியவர்கள் உண்டு. எழுதியவர் இவர் இல்லை என்று பதிப்பாளர்கள் பகிரங்கமாக மறுக்கவேண்டி வந்தது. வேண்டுமென்றே தப்பாக எழுதி, அடித்து, மேலே சரியாக எழுதியபடி, பெட்லம் பெண்ணையும் நாய் கவ்விய ஷில்லிங்கையும் எட்வர்ட்ஸின் முதுகையும் ஒரு வரி விடாமல் தன் கையால் எழுதியிருக்கிறார் அந்த மனிதர். வேறு யாரும் இந்த நாவலை அவ்வளவு நெருங்கிப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

1777-ல் பாத் பக்கம் ஏவன் ஆற்றில் ஒரு பையன் மூழ்கிக்கொண்டிருந்தான். அவனைக் காப்பாற்றப் போன எக்கிள்ஸ் அந்த ஆற்றிலேயே இறந்துபோனார்.